பள்ளிக்கூடமா, பதிவேட்டுக் கூடமா?

அரசாங்கப் பள்ளிகளின் தாழ்நிலையைப் பற்றிப் பேசாத மேடை இன்று இல்லை. கட்டடம் போதாது என்பார் சிலர். ஆசிரியர் போதாது என்பார் சிலர். ஆசிரியர் இருந்தும் பாடம் நடத்துவதில்லை என்பார் பலர். இம்மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால், இருக்கிற கட்டடத்தில் இருக்கிற ஆசிரியரைப் பாடம் நடத்த விடாமல் தடுப்பது எது என்று கேட்போர் மிகச் சிலரே. அந்தக் கேள்வியைத்தான் இங்கே எழுப்ப விரும்புகிறேன். என் விடை இது: கல்வி இலாகாவே தடுக்கிறது. தடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அன்று, நல்லெண்ணத்தோடுதான். ஒவ்வோர் உத்தரவும் ஏதோ ஒரு நன்மையைக் கருதியே பிறக்கிறது. ஆனால் பிறந்த உத்தரவு எதுவும் இறப்பதில்லை. அத்தனையையும் சுமக்க வேண்டிய தோள் ஒன்றே. அது ஆசிரியரின் தோள்.

இந்தச் சுமைக்கு வயது அதிகம். 1854ஆம் ஆண்டில் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையை ஒட்டித்தான் மாகாணந்தோறும் கல்வி இலாகாவும், அதன் கீழ் இன்ஸ்பெக்டர்களும் தோன்றினர். பள்ளிகளுக்கு மானியம் கொடுப்பது, கொடுத்த மானியத்துக்குக் கணக்குக் கேட்பது, கணக்கைச் சரிபார்க்க ஆள் அனுப்புவது என்ற முறை அன்று வேர்விட்டது. சேர்க்கைப் பதிவேடும் வருகைப் பதிவேடும் அம்முறையின் குழந்தைகளே. அவற்றை நான் குறை சொல்லவில்லை. யார் வந்தார், யார் வரவில்லை என்று தெரியாமல் பள்ளி நடத்த முடியாது. ஆனால் ஆங்கிலேயன் போன பின்பும் அவன் விட்டுச் சென்ற ஐயப்பாடு மட்டும் போகவில்லை. 'கீழே இருப்பவன் பொய் சொல்வான். ஆகையால் எழுத்தில் வாங்கு' என்ற மனப்பான்மை சுதந்திர நாட்டின் காரியாலயங்களிலும் குடியிருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தனியார் பள்ளிகளின் மீதுள்ள கட்டுப்பாடு வேறு. அரசாங்கப் பள்ளிகளின் மீதுள்ள கட்டுப்பாடு வேறு. தனியார் பள்ளிக்கு அங்கீகாரம் வேண்டும். பல சான்றிதழ்கள் வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசாங்கமோ உள்ளாட்சியோ நடத்தும் பள்ளிகளுக்கு அந்த அங்கீகாரச் சான்றிதழ் தேவையில்லை என்று விட்டுவிட்டது. அப்படியானால் அரசாங்கப் பள்ளி சுதந்திரமாக இருக்கிறதா? இல்லை. அதைக் கட்டுவது சட்டப் புத்தகம் அன்று, சுற்றறிக்கை. சட்டத்தை மாற்ற வேண்டுமானால் பாராளுமன்றம் கூட வேண்டும். சுற்றறிக்கைக்கு ஒருவர் கையெழுத்துப் போதும். இப்பொழுது கையெழுத்தும் வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்.

நம் மன்றத்து நண்பர்கள் சிலர் சனிக்கிழமைகளில் விடுதிக்கு அருகிலுள்ள தொடக்கப் பள்ளிக்குச் சென்று கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர். அவர்களில் ஒருவர் வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போய்விட்டார். எஞ்சியிருந்த ஆசிரியை, ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே அறையில் அமர்த்தி, காகிதத்தை நான்காக மடித்துக் கால், அரை என்று காட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் முகத்தில் அது விளங்கத் தொடங்கிய வேளையில் கைப்பேசி ஒலித்தது. இரும்புச் சத்து மாத்திரை எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது, உடனே எண்ணிக்கையும் படமும் அனுப்புக என்று மேலிடத்திலிருந்து கேட்டிருந்தார்கள். அதே எண்ணை அன்று காலையில்தான் அவர் ஒரு பதிவேட்டில் எழுதியிருந்தார். மாத்திரைப் பட்டையோடு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து, அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துத் திரும்புவதற்குள் கால்மணி நேரம் கழிந்தது. காகிதம் மடித்தது மடித்தபடி கிடந்தது. பின்வரிசைப் பிள்ளைகள் அதில் விமானம் செய்துவிட்டார்கள். அந்த அம்மையாரைச் சோம்பேறி என்று எவரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

இது ஒரு பள்ளியின் கதை. ஒன்றை வைத்து நாட்டை அளக்கலாகாது என்பது விஞ்ஞானம் படிக்கும் நமக்குத் தெரியும். ஆகவே பெரிய கணக்கைப் பார்ப்போம். தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஆசிரியரின் ஆண்டுப் பள்ளி நேரத்தில் 19.1 சதவீதம்தான் கற்பித்தலுக்குச் செல்கிறது என்று கூறியது. இந்த எண்ணைப் பலரும் மேடையில் எடுத்து வீசுகிறார்கள். எஞ்சிய 81 சதவீதமும் வீண் வேலை என்பது போலப் பேசுகிறார்கள். அது நேர்மை ஆகாது. அந்த ஆய்விலேயே 42.6 சதவீதம் கற்பித்தலைச் சார்ந்த பிற முக்கியப் பணிகள் என்று தனியே காட்டப்பட்டுள்ளது. அதை ஒதுக்கிவிடுவோம். பள்ளி தொடர்பான பிற வேலைகள் 31.8 சதவீதம், வேறு இலாகாக்களின் வேலை 6.5 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் 38.3. கற்பித்தல் 19.1. அதாவது, பாடம் நடத்தும் நேரத்தைப் போல் இரு மடங்கு நேரம் பள்ளிக் காரியத்துக்கும் பிறர் காரியத்துக்கும் போகிறது. இவ்வளவு சொன்னால் போதும். மிகைப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஆசிரியரைக் கல்வி அல்லாத வேலைகளுக்கு அனுப்பக்கூடாது என்கிறது. மூன்று விலக்குகள் மட்டும் உண்டு: பத்தாண்டுக்கு ஒரு முறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். வாசலை அடைத்து மூன்று ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள். வாசல் வழியே வந்தவையெல்லாம் இப்பொழுது ஜன்னல் வழியே வருகின்றன. தேர்தல் என்றால் வாக்குப்பதிவு நாள் என்று நீங்களும் நானும் நினைப்போம். ஆனால் வாக்காளர் பட்டியல் திருத்தமும் தேர்தல் பணியே என்று கொள்ளப்படுகிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்ற பெயரில் ஆசிரியர் வீடு வீடாகச் செல்கிறார். 2025இல் பீகாரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம், அவ்வாண்டு நவம்பரில் தமிழ்நாடு, கேரளம், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம் உள்ளிட்ட 12 மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் பரவியது. நவம்பர் மாதம் பள்ளியில் விடுமுறை மாதம் அன்று. பட்டியல் திருத்தம் வேண்டுமா வேண்டாமா என்ற அரசியல் வாதத்துக்குள் நான் புகவில்லை. அவ்வேலைக்குப் போன ஆசிரியர்களின் வகுப்புகளை அந்த வாரங்களில் யார் நடத்தினார்கள் என்று மட்டும் கேட்கிறேன். 2027ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் முதலில் தேடப்படுபவர் ஆசிரியரே.

இதற்கு உச்ச நீதிமன்றம் முன்பே ஒரு வழி சொல்லியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. டில்லிப் பள்ளி ஒன்று தொடர்ந்த வழக்கில், 2007 டிசம்பரில் அளித்த தீர்ப்பில், ஆசிரியர்களைப் பட்டியல் திருத்தத்துக்கும் தேர்தல் வேலைக்கும் விடுமுறை நாட்களிலும் பாடம் நடவாத நாட்களிலும் பயன்படுத்த வேண்டும். பாட வேளையில் சாதாரணமாக அழைக்கக் கூடாது. கற்பித்தல் அல்லாத ஊழியரை எந்நாளிலும் அழைக்கலாம் என்று கூறிற்று. எவ்வளவு நியாயமான தீர்ப்பு! ஆசிரியரே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளையின் நேரத்தைத் தொடாதே என்றுதான் சொல்லிற்று. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், கற்பித்தலோடு நேரடித் தொடர்பில்லாத வேலைகளில் ஆசிரியரை இனி ஈடுபடுத்தலாகாது என்றும், மதிய உணவு வேலைக்கும் குறைந்தபட்ச நேரமே செலவாக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. அக்கொள்கையின் மொழிப் பகுதியைப் பற்றி நமக்குள் கடும் கருத்து வேறுபாடு உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இந்த வரியில் குற்றமில்லை. குற்றம், அவ்வரியை எழுதியோரே அதன் பிறகு புதுப்புதுப் படிவங்களை அனுப்பியதில் இருக்கிறது.

இனி, தகவல் திரட்டும் கதைக்கு வருவோம். 1990களின் நடுவில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்துக்காகத் தொடங்கிய ஒரு புள்ளிவிவர முறை, 2012-13இல் எல்லா வகுப்புகளுக்கும் ஒன்றாக்கப்பட்டு, 2018-19இல் 'யுடைஸ் பிளஸ்' என்ற பெயரில் இணையத்துக்கு வந்தது. முதலில் பள்ளிக்கு ஒரு படிவம். பள்ளியில் எத்தனை அறை, எத்தனை கரும்பலகை, எத்தனை பிள்ளை என்று எண்ணிக் கொடுத்தால் போதும். 2022-23 முதல் பிள்ளைக்கு ஒரு பதிவு. பெயர், பெற்றோர் பெயர், ஆதார், எடை, உயரம் எல்லாம் தனித்தனியே. அதன் மேல் 'அபார்' என்னும் 12 இலக்க எண். பெற்றோர் இசைந்தால் பெறலாம் என்பது அதன் விதி. ஆனால் பள்ளியில் இத்தனை சதவீதம் ஏன் முடியவில்லை என்று மேலிருந்து கேட்கும்போது, விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருக்கிறது?

இதில் நம்மவர்க்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. பிழைப்பைத் தேடி வடக்கே வந்த நம் கூலித் தொழிலாளரின் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. கணினியோ குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பு என்கிறது. பள்ளிப் பதிவேட்டில் முதலெழுத்து முன்னே. ஆதாரில் தகப்பன் பெயர் பின்னே. ஊரிலிருந்து கொண்டுவந்த மாற்றுச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல். மூன்றும் ஒத்துப்போகாமல் பதிவு நின்றுவிடுகிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டம் பிள்ளையை உள்ளே விடுகிறது. கட்டம் வெளியே நிறுத்துகிறது. அதைச் சரிசெய்யத் தகப்பன் இரண்டு நாள் கூலியை இழந்து ஆதார் நிலையத்தில் நிற்கிறான். ஆசிரியை தன் கைப்பேசியில் மீண்டும் மீண்டும் முயல்கிறார். என் பெயரின் முதலெழுத்தைப் பிரித்து எழுதச் சொல்லி நுழைவுத் தேர்வுக்காரர்கள் படுத்திய பாடு எனக்கே நினைவிருக்கிறது. ஆனால் எனக்கு அப்பொழுது இருபது வயது. ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

சுமையின் கொடுமை முழுவதும் தெரிய வேண்டுமானால் ஓராசிரியர் பள்ளியைப் பார்க்க வேண்டும். 2024-25ஆம் ஆண்டின் யுடைஸ் கணக்குப்படி, நாட்டில் ஒரே ஆசிரியரைக் கொண்ட பள்ளிகள் 1,04,125. அவற்றில் படிக்கும் பிள்ளைகள் ஏறக்குறைய 33 லட்சத்து 77 ஆயிரம். பெரிய உயர்நிலைப் பள்ளிக்கு வரும் படிவமும் இந்தப் பள்ளிக்கு வரும் படிவமும் பெரும்பாலும் ஒன்றே. அங்கே எழுத்தர் இருக்கலாம். இங்கே மணியடிப்பவரும் அவரே, கணக்கரும் அவரே, குருவும் அவரே. ஒரு சின்னக் கணக்குப் போடுகிறேன். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 பாட மணி என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை விதிக்கிறது. நாளுக்கு நான்கு மணி. அந்த ஓராசிரியர் பதிவேட்டுக்கும் கைப்பேசிக்கும் நாளுக்கு ஒரு மணி செலவிட்டால், அப்பிள்ளைகளின் கல்வியில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 200 மணி, போயிற்று. இரண்டு ஆசிரியர் இருந்தால் ஒருவர் எழுத, மற்றவர் நடத்தலாம். இங்கே எழுதுகோலை எடுத்த கணத்தில் பள்ளி முழுவதும் நின்றுவிடுகிறது.

வெந்நீரின் வெப்பத்தை அளக்கச் சிறு கிண்ணத்தில் பெரிய வெப்பமானியை நுழைத்தால் என்ன ஆகும் என்று நாம் முதலாண்டிலேயே படித்திருக்கிறோம். கருவியே நீரைக் குளிர்வித்துவிடும். நாம் படிக்கும் எண் நீரின் வெப்பமாக இராது. சிறு பள்ளிக்குள் பெரிய அளவுகோலை நுழைப்பவர்கள் இந்த எளிய பௌதிகத்தை மறந்துவிட்டார்கள். கேட்கக் கேட்கக் கல்வி குறைகிறது. குறைந்ததைக் கண்டு மேலும் கேட்கிறார்கள்.

'கணக்குக் கேட்பதால் பள்ளி திருந்தும் அல்லவா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு பரிசோதனையைக் காட்ட விரும்புகிறேன். மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, தரவரிசை கொடுத்து, ஒவ்வொரு பள்ளிக்கும் முன்னேற்றத் திட்டம் எழுத வைக்கும் முயற்சி நடந்தது. குலுக்கல் முறையில் தேர்ந்த 1,774 பள்ளிகளில் அது செயல்பட்டது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங் என்ற இரு பொருளியலறிஞர்கள் ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டனர். மதிப்பீட்டுப் படிவங்கள் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் நிரப்பப்பட்டன. பள்ளி நடக்கும் விதத்திலும் பிள்ளைகளின் கற்றலிலும் மாறுதல் ஒன்றும் இல்லை. கீழ்நிலை அதிகாரிகளைக் கேட்டபோது, அத்திட்டத்தால் கண்ட பலன் எழுத்து வேலை கூடியதே என்று தெரிந்தது. வியப்பு என்னவென்றால், அத்திட்டம் வெற்றி பெற்றதாகக் கருதப்பட்டு நாடெங்கும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. நம் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு முடிவு வந்தால் பேராசிரியர் குறிப்பேட்டைத் தூக்கி எறிவார். அங்கே பதவி உயர்வு கிடைத்திருக்கும் போலும்.

மறுபக்கத்து வாதமும் வலுவானது. அதைப் புறக்கணிக்கக் கூடாது. ஆசிரியர்களைக் கட்டிவைக்காவிட்டால் பள்ளிக்கே வரமாட்டார்கள் என்பது அது. 2003இல் உலக வங்கியின் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றிப் பள்ளிகளுக்குச் சென்றபோது நான்கில் ஓர் ஆசிரியர் இல்லை. ஏறக்குறையப் பாதிப்பேரே பாடம் நடத்திக்கொண்டிருந்தனர். வெட்கப்பட வேண்டிய எண்தான். ஆனால் 'இல்லை' என்பதன் உள்ளே என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை 2017இல் 619 பள்ளிகளில் செய்த ஆய்வில், காரணமின்றி வராதவர் 2.5 சதவீதமே, வராதோரில் பெரும்பாலோர் விடுப்பிலோ, இலாகா அனுப்பிய வேலையிலோ இருந்தனர். இலாகாவே அழைத்துச் சென்றுவிட்டு, இலாகாவே ஆளைக் காணோம் என்று கணக்கெழுதுவது வேடிக்கை அன்றோ? காரணமின்றி வராத அந்த இரண்டரைப் பேரைப் பிடிக்க வேண்டியதுதான். அதற்கு, வந்திருக்கும் மற்றவர்களின் கையில் படிவத்தைத் திணிப்பது வழியாகாது. ஏய்ப்பவனுக்குப் படிவம் நிரப்புவது எளிது. அவனுக்கு நேரமும் இருக்கிறது.

விதிகள் எல்லாமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் எண்ணிவிடலாகாது. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் கூரைப் பள்ளி ஒன்றில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டார்கள். மதிய உணவுச் சமையற்கூடத்தின் கீற்றுக் கொட்டகையில் எழுந்த தீ அது. அதே ஜூலை 16ஆம் நாளில், 2013இல், பீகாரின் சாரண் மாவட்டத்தில் பூச்சிமருந்து கலந்த மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டார்கள். கும்பகோணத்தின் விளைவாக உச்ச நீதிமன்றம் 2009இல் பள்ளிகளின் தீ பாதுகாப்புக்கு விதிகளைக் கட்டாயமாக்கிற்று. அவ்விதிகளில் ஓரெழுத்தைக்கூடக் குறைக்க நான் சம்மதிக்கமாட்டேன். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்ற விதி, உணவைப் பரிமாறுமுன் பெரியவர் ஒருவர் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்ற விதி, பெற்றோர் முக்கால் பங்கு இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு என்ற விதி ஆகியவையும் அப்படியே.

என் அச்சம் வேறு. உயிர் காக்கும் விதியும் உபயோகமற்ற விதியும் ஒரே குவியலில் கிடக்கின்றன. தீயணைக்கும் கருவி வேலை செய்கிறதா என்ற கேள்வியும், நேற்றைய தின விழாவுக்கு எத்தனை படம் எடுத்தீர் என்ற கேள்வியும் ஒரே எழுத்தில், ஒரே அவசரத்தில், ஒரே கைப்பேசிக்கு வருகின்றன. நூறு கேள்விக்கு விடை எழுதும் கை எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று எழுதப் பழகிவிடும். அப்படி எழுதப்பட்ட 'ஆம்'களில் ஒன்று சமையற்கூடத்தைப் பற்றியதாக இருந்துவிட்டால்? விதிகளைக் குறைக்கச் சொல்வது பாதுகாப்பைக் குறைக்க அன்று. பாதுகாப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே.

வழி இல்லாமல் இல்லை. மதிய உணவையே எடுத்துக்கொள்வோம். வடநாட்டுப் பள்ளிகள் பலவற்றில் அரிசி, பருப்பு, எரிபொருள், வருகை எல்லாவற்றுக்கும் தலைமையாசிரியரே பொறுப்பு. 1982இல் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது, அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனி ஊழியரை அமர்த்தினார்கள். உணவுக் கணக்கு அமைப்பாளரின் கையில். ஆசிரியர் மேற்பார்ப்பதோடு சரி. அவ்வூழியருக்குக் கொடுக்கும் சம்பளம் போதாது என்பது வேறு வழக்கு. அது நியாயமான வழக்கும்கூட. ஆனால் வேலையைப் பிரித்த விதம் சரியானது. அரசியல் காரணங்களுக்காக அத்திட்டத்தைப் புகழ்வோரும் இகழ்வோரும் இந்த நிர்வாக நுட்பத்தைக் கவனிப்பதில்லை. டில்லி அரசாங்கமும் 2015க்குப் பின் தன் பள்ளிகளில் எஸ்டேட் மேனேஜர் என்ற பெயரில் ஆட்களை அமர்த்தி, துப்புரவு, பழுதுபார்ப்பு ஆகியவற்றின் மேற்பார்வையை முதல்வர்களின் தலையிலிருந்து இறக்கியது. ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஒருவரையே இழுக்கச் சொன்னால் தேர் நகராது.

சிறு பள்ளிக்குத் தனி எழுத்தர் கட்டுப்படியாகாது என்பார்கள். உண்மைதான். அதற்கென்றே 1964-66இல் கோத்தாரி குழு 'பள்ளி வளாகம்' என்ற யோசனையைச் சொன்னது. அருகருகே உள்ள பள்ளிகளை ஒரு குடும்பமாகக் கட்டும் யோசனை. 2020ஆம் ஆண்டுக் கொள்கை அதை மீண்டும் எடுத்து வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஓர் எழுத்தரையும் ஒரு கணினியையும் கொடுத்து, படிவம் எதுவாயினும் அவரிடமே கேள் என்று உத்தரவிட்டால் போதும். இப்பொழுதும் ஏறத்தாழப் பதினெட்டுப் பள்ளிகளுக்கு ஒன்று என்று தொகுப்பு வள மையங்கள் இருக்கின்றன. ஆசிரியருக்குப் பாடம் நடத்தும் வகையில் துணை செய்யத் தோன்றியவை அவை. இன்று படிவம் கேட்டு வாங்கும் தபால் நிலையங்களாகிவிட்டன. அங்கே எழுத்தரை அமர்த்திவிட்டால், ஒருங்கிணைப்பாளரும் தம் பழைய தொழிலுக்குத் திரும்பலாம்.

அடுத்தது, ஒரு முறை கேட்டதை மறுமுறை கேட்காமை. யுடைஸில் பதிந்த எண்ணை வேறோர் இலாகா கேட்டால், அங்கே போய்ப் பார்த்துக்கொள் என்று சொல்லும் உரிமை தலைமையாசிரியருக்கு வேண்டும். ஒவ்வொரு சுற்றறிக்கையும் மார்ச் 31ஆம் நாளோடு காலாவதி ஆக வேண்டும். வேண்டியதை மட்டும், காரணம் எழுதி, கையெழுத்திட்டுப் புதுப்பிக்கட்டும். புதுப்பிக்கவே சோம்பும் உத்தரவு, கீழ்ப்படியத் தகுதியற்ற உத்தரவு.

பண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் வந்த சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளிக்கு ஒரு கூட்டு மானியம் உண்டு. 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். சுண்ணக்கட்டி, மின்கட்டணம், குழாய்ப் பழுது எல்லாம் அதற்குள். அதிலும் பத்தில் ஒரு பங்கேனும் தூய்மைக்கென்று ஒதுக்க வேண்டும். மாதம் இரண்டாயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்குத் தீர்மானம், ரசீது, பயன்பாட்டுச் சான்றிதழ். உடைந்த குழாயைச் சரிசெய்யப் பயந்து, பணத்தைத் தொடாமல் வைத்திருக்கும் தலைமையாசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். நாற்பது லட்ச ரூபாய்க் கருவியை நம் ஆய்வுக்கூடத்துக்கு வாங்கும்போது எழும் கேள்விகளும், நாற்பது ரூபாய்த் துடைப்பத்துக்கு அங்கே எழும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றே. சிறு தொகைக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய்மார்கள் இருவர் கையெழுத்தே போதும் என்று விட்டுவிடலாம். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று ஆடிட்டரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நம் மன்றத்தில் சென்ற மாதம், நாமே போய் அப்பள்ளியின் படிவங்களை நிரப்பிக் கொடுக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. நல்ல மனம் கொண்ட யோசனை. ஆயினும் எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைகளின் ஆதார் எண்ணும் குடும்ப விவரமும் வெளியார் கையில் சேர்வது தகாது. மேலும், நாம் நிரப்பிக் கொடுத்தால் மேலிடத்துக்குச் சுமையே தெரியாது. அதைவிட நமக்குத் தெரிந்த தொழிலைச் செய்வோம்: எண்ணுவோம். ஒரு கல்வியாண்டு முழுவதும் அப்பள்ளிக்கு வரும் ஒவ்வொரு கேள்வியையும், எந்த இலாகா கேட்டது, முன்பே கொடுத்த விவரமா, விடையளிக்க எத்தனை நிமிடம் ஆயிற்று, அப்பொழுது வகுப்பில் யார் இருந்தார்கள் என்று குறிப்போம். பிள்ளைகளின் பெயரோ, பள்ளியின் பெயரோ, ஆசிரியரின் பெயரோ வேண்டியதில்லை. தலைமையாசிரியை இசைவு கொடுத்துவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். நாம் குறிப்பெடுப்பதற்காக அவர் ஒரு நிமிடமும் செலவிட வேண்டியிருக்கக் கூடாது. நியாயமான நிபந்தனை. ஆகவே நாள்தோறும் மதியம் ஒருவர் போய்வர வேண்டும். வாரத்துக்கு ஆறு பேர் தேவை. இப்பொழுது நான்கு பேர் இருக்கிறோம். விரும்புவோர் அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். இந்தி பேசத் தெரிந்தவராயின் நலம்.